சாகா வரம்: மூப்பு நின்றால் மரணம் நிற்குமா?

2025 செப்டம்பர் 3ஆம் தேதி பெய்ஜிங்கில் ராணுவ அணிவகுப்பு. ரஷ்ய அதிபர் புதினும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் தியானன்மென் மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள், கூடவே வட கொரியாவின் கிம் ஜாங் உன். பக்கத்தில் இருந்த மைக் அவர்கள் பேச்சை நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்தில் 70 வயதெல்லாம் குழந்தைப் பருவம் என்கிற மாதிரி ஷி ஏதோ சொல்ல, உறுப்புகளை மாற்றிக்கொண்டே போகலாம், போகப்போக இளமையாகலாம், சாகாமலே கூட இருக்கலாம் என்று புதின் தரப்பு மொழிபெயர்ப்பாளர் பதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. இந்த நூற்றாண்டிலேயே மனிதர்கள் 150 வயது வரை வாழக்கூடும் என்கிறார்கள் என்றார் ஷி. இருவருக்கும் அப்போது வயது 72.

அதற்குப் பிறகு வந்த காணொளிகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் உறுப்பு மாற்று, டெலோமியர், மூளையைக் கணினியில் ஏற்றுவது, இணை பிரபஞ்சத்தில் நாம் ஏற்கெனவே சாகாமல் இருக்கிறோம் என்பது வரை எல்லாம் ஒரே குழம்பில் கொதிக்கின்றன. இவை ஒரே கேள்விக்கான பல பதில்கள் இல்லை, வெவ்வேறு கேள்விகள். முதலில் அவற்றைத் தனித்தனியாக எடுத்து வைப்போம்.

1. மூப்பை நிறுத்த முடியுமா? இது உயிரியல் கேள்வி.
2. மூப்பு நின்றால் சாவு நிற்குமா? இது உயிரியல் இல்லை, வெறும் கணக்கு.
3. சாவும் நின்றால் அது எப்போதைக்குமா? இது இயற்பியல், சூரியனும் பிரபஞ்சமும் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது.
4. இணை பிரபஞ்சம்? இது "நான்" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்கிற கேள்வி. அதனால்தான் இதில் குழப்பம் மிக அதிகம்.

சராசரி ஆயுள் வேறு, உச்ச ஆயுள் வேறு

சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது, இன்று 70ஐத் தாண்டிவிட்டது. இதே வேகத்தில் போனால் அடுத்து 110, அப்புறம் 150 என்று கோடு போடத் தோன்றும். ஆனால் அன்றைக்கு 32 வயதில் எல்லோரும் கிழடு தட்டிச் செத்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. பிறந்த குழந்தைகளில் ஏராளமானவை ஐந்து வயதுக்குள் இறந்தன, அந்தப் பூஜ்யங்களும் ஒன்றுகளும் சராசரியைக் கீழே இழுத்தன. அன்றும் 80 வயதுப் பாட்டிகள் இருந்தார்கள். தடுப்பூசி, நல்ல தண்ணீர், ஆண்டிபயாடிக், பாதுகாப்பான பிரசவம் இவைதான் சராசரியை ஏற்றின. குழந்தைகளைக் காப்பாற்றினோம், முதுமையைத் தொடவில்லை.

உச்ச ஆயுள் என்பது ஒரு மனிதர் அதிகபட்சம் எவ்வளவு நாள் இருந்தார் என்பது. பிரான்சின் ஆர்ல் நகரில் வாழ்ந்த ழான் கால்மோன் 1997இல் இறந்தபோது அவருக்கு 122 வயது 164 நாள். அதன் பிறகு உலக மக்கள்தொகை எவ்வளவோ கூடிவிட்டது, மருத்துவம் எங்கேயோ போய்விட்டது, ஆனாலும் அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. அவருக்கு அடுத்த இடம் ஜப்பானின் கேன் டனாகாவுக்கு, அவர் வாழ்ந்தது 119 ஆண்டுகள். சராசரி இரட்டிப்பாகியும் உச்சம் அசையவில்லை என்பதைக் கவனித்தால் 150 என்ற எண் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது புரியும்.

எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு

1825இல் லண்டனில் காப்பீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெஞ்சமின் கோம்பர்ட்ஸ் ஒரு விஷயத்தைக் கவனித்தார். வயது வந்தவர்களுக்கு ஓர் ஆண்டுக்குள் சாகும் வாய்ப்பு வயதோடு மெதுவாகக் கூடுவதில்லை, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. இன்றைய கணக்கில் அது சுமார் 8 ஆண்டு.

30 வயதில் அந்த ஆபத்து ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 38இல் இரண்டு, 46இல் நான்கு, 54இல் எட்டு, இதுவரை பயமாக இல்லை. 94 வயதில் ஆயிரத்துக்கு 256, 102இல் 512. அதாவது நூறைத் தாண்டியவருக்கு ஒவ்வொரு பிறந்தநாளும் ஒரு நாணயச் சுண்டல், பூ விழுந்தால் இன்னொரு வருடம். 105க்கு மேல் இந்த ஏறுமுகம் தட்டையாகிவிடுகிறது, பாதிக்குப் பாதி என்ற அளவிலேயே நிற்கிறது என்று இத்தாலிய முதியவர்களை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. இது சரியா என்ற சர்ச்சை ஓயவில்லை, ஆனால் சரி என்றே எடுத்துக்கொண்டாலும் 105இலிருந்து கால்மோன் வயதுக்குப் போக 17 முறை தொடர்ந்து பூ விழ வேண்டும். ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரில் ஒருவருக்கு அது நடக்கும். 150க்குப் போக 45 முறை!

ஒரு நோயைக் குணப்படுத்தினால் ஏன் ஆயுள் பெரிதாகக் கூடுவதில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. புற்றுநோயை நாளையே அடியோடு ஒழித்தாலும் பணக்கார நாடுகளில் சராசரி ஆயுள் மூன்று ஆண்டு போலத்தான் கூடும். ஏனென்றால் புற்றுநோய் வரும் வயதில் இதயம், மூளை ரத்தக்குழாய், சிறுநீரகம் எல்லாமே வரிசையில் நிற்கின்றன. இரணியன் வாங்கிய வரம் மாதிரிதான். மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது என்று பட்டியல் போட்டுக் கேட்டார், பட்டியலில் இல்லாத வழியில் சாவு வந்தது. நோய்ப் பட்டியலை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போவதும் அதே உத்தி. அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் பட்டியலை விட்டுவிட்டு அடியில் இருக்கும் இரட்டிப்பையே நிறுத்தப் பார்க்கிறார்கள்.

மூப்பு எதற்காக இருக்கிறது?

டீக்கடையில் நூறு கண்ணாடி கிளாஸ் இருக்கிறது. கண்ணாடிக்கு வயதாவதில்லை, ஆனால் தினமும் ஏதாவது ஒன்று கை தவறி உடைகிறது, கடைக்காரர் புதிதாக ஒன்று வாங்கி வைக்கிறார். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் பழைய கிளாஸ்கள் மிகச் சில, புதியவைதான் அதிகம். 1951இல் பீட்டர் மெடவார் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் சோதனைக் குழாய்களை வைத்து இதே வாதத்தை முன்வைத்தார். மூப்பே இல்லாவிட்டாலும் விபத்து, பசி, புலி என்று ஏதோ ஒன்றால் உயிர்கள் குறைந்துகொண்டே வரும், எனவே வயதான உயிர்கள் எப்போதுமே சிறுபான்மை. 20 வயதில் கெடுதல் செய்யும் மரபணுவைப் பரிணாமம் துரத்திவிடும், ஏனென்றால் அது பிள்ளை பெறுவதையே தடுக்கும். 80 வயதில் மட்டும் கெடுதல் செய்யும் மரபணுவை அது கண்டுகொள்ளாது, ஏனென்றால் காட்டில் 80 வரை இருந்தவர்கள் மிகச் சிலரே. அப்படிக் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட குறைகள் சேர்ந்து நிற்பதுதான் மூப்பு.

இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. மூப்பு என்பது இயற்பியல் விதி இல்லை, பரிணாமத்தின் அலட்சியம். அலட்சியத்தைச் சரிசெய்யலாம். இயற்கையிலேயே சரிசெய்த உயிர்கள் இருக்கின்றன. குளத்தில் வாழும் ஹைட்ராவுக்கு மூப்பின் அடையாளமே தெரிவதில்லை. துரிடோப்சிஸ் டோர்னி என்ற ஜெல்லி மீன் அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ தன் இளம் பருவத்துக்கே திரும்பிப் போகிறது, கோழி மறுபடி குஞ்சாகிற மாதிரி. கிரீன்லாந்து சுறா குறைந்தது 272 ஆண்டுகள் வாழும் என்று 2016இல் கணக்கிட்டார்கள்.

அந்தச் "சாகாத" ஜெல்லி மீனையும் வேறு மீன்கள் தின்றுவிடுகின்றன என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஆய்வகத்தில் இதுவரை என்ன நடந்திருக்கிறது?

1. செல்லின் எண்ணிக்கை வரம்பு. உடலுக்கு வெளியே வளர்க்கப்படும் செல்கள் எப்போதைக்கும் பிரிந்துகொண்டே இருக்கும் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1961இல் பிலடெல்பியாவில் லெனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அது தவறு என்று காட்டினார்கள். மனித செல் சுமார் 40 முதல் 60 முறை பிரியும், பிறகு நின்றுவிடும். காரணங்களில் ஒன்று டெலோமியர், அதாவது குரோமோசோம் நுனியில் இருக்கும் காப்புத் துண்டு. ஷூ லேஸ் முனையில் உள்ள பிளாஸ்டிக் மாதிரி, ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்சம் தேய்கிறது. தேயாமல் நிரப்பும் டெலோமரேஸ் என்ற நொதியைக் கண்டுபிடித்த வேலை 2009 நோபல் பரிசில் சேர்ந்தது. சரி, அந்த நொதியை எல்லா செல்லிலும் ஓட விட்டால்? பெரும்பாலான புற்றுநோய் செல்கள் செய்வது அதைத்தான். 1951இல் பால்டிமோர் மருத்துவமனையில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடம் எடுத்த கட்டியின் செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவர் அதே ஆண்டு 31 வயதில் இறந்துபோனார். செல் சாகாமல் இருப்பதும் ஆள் சாகாமல் இருப்பதும் ஒன்றல்ல, சில நேரம் எதிரெதிர்.

2. ஒரே மரபணு, இரட்டை ஆயுள். மூன்று வாரம் வாழும் சி. எலிகன்ஸ் என்ற குட்டிப் புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றி ஆயுளை இரட்டிப்பாக்கலாம் என்று 1993இல் சிந்தியா கென்யன் குழு காட்டியது. மூப்பை மாற்றவே முடியாது என்ற எண்ணம் உடைந்தது இங்கேதான். ஆனால் புழுவில் பெரிதாக இருக்கும் பலன் எலியில் சிறிதாகிறது, நீண்ட ஆயுள் கொண்ட மனிதனில் இன்னும் சிறிதாகும் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள்.

3. ராபமைசின். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிக்கு அறிவியலில் இப்போதைக்கு மிக அருகில் இருப்பது இது என்று சொல்லலாம். 1964இல் பசிபிக் நடுவே ஈஸ்டர் தீவுக்குப் போன கனடியக் குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த பாக்டீரியா இதைச் சுரந்தது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராபா நுய், அதுவே மருந்துக்கும் பெயர். அதைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல். 2009இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து, 600 நாள் வயதான (மனிதக் கணக்கில் அறுபதை ஒட்டிய) எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது உச்ச ஆயுள் ஆண் எலிகளுக்கு 9, பெண் எலிகளுக்கு 14 சதவீதம் கூடியது. வயதான பிறகு ஆரம்பித்தும் பலன் கிடைத்ததுதான் ஆச்சரியம்.

4. கடிகாரத்தைத் திருப்புவது. வளர்ந்த செல்லில் நான்கு மரபணுக்களைத் தூண்டினால் அது கருவில் இருக்கும், எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் போல ஆகிவிடும் என்று 2006இல் ஷின்யா யமனாகா காட்டினார், 2012இல் நோபல். முழுதாகத் திருப்பாமல் கொஞ்சமாகத் திருப்பினால் செல் தன் வேலையை மறக்காமல் இளமை மட்டும் பெறுமா என்பதுதான் இன்று பெரும் பணம் ஓடும் கேள்வி. 2022இல் ஆல்டோஸ் லேப்ஸ் என்ற நிறுவனம் 300 கோடி டாலரோடு தொடங்கியது இதற்காகத்தான். சீக்கிரம் முதுமை அடையும் நோயுள்ள எலிகளில் 2016இல் ஆயுள் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது. கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் கட்டி வருகிறது, அந்த நான்கில் ஒன்று புற்றுநோயில் அடிக்கடி தலைகாட்டும் மரபணு.

மூப்பைத் தள்ளிப்போடுவது கதை இல்லை, ஆனால் "நிறுத்திவிட்டோம்" என்பதற்கு எந்தப் பாலூட்டியிலும் இதுவரை சான்று இல்லை.

உறுப்பு மாற்று இதில் எங்கே வருகிறது?

பழைய டி.வி.எஸ். 50இல் என்ஜின் மாற்றி, செயின் மாற்றி, டயர் மாற்றி ஓட்டுவது போல உடலையும் ஓட்டலாம் என்பதுதான் பெய்ஜிங் பேச்சின் சாரம். 1954இல் பாஸ்டனில் ஒரே மாதிரி இரட்டையர்களுக்கிடையே முதல் சிறுநீரக மாற்று வெற்றி பெற்றது, 1967இல் கேப்டவுனில் முதல் இதய மாற்று, பெற்றவர் 18 நாள் இருந்தார். இன்று இவை தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலேயே சாதாரணமாக நடக்கின்றன. ஆனால் மாற்று உறுப்பு பெற்றவர் உடல் அதை அந்நியம் என்று தாக்காமல் இருக்க நோய் எதிர்ப்பைக் காலம் முழுக்க அடக்கி வைக்க வேண்டும், அதனால் தொற்றும் புற்றுநோயும் நெருங்கும். வேடிக்கை என்னவென்றால், அப்படி அடக்கும் மருந்துகளில் ஒன்று மேலே சொன்ன அதே ராபமைசின். மூப்பை விளக்கிய அதே மெடவார்தான் 1960இல் உறுப்பு ஏற்பு ஆய்வுக்காக நோபல் பெற்றார்.

உறுப்பு கிடைக்காத பிரச்சினையை விடுங்கள், அது பெரிய பிரச்சினைதான், ஆனால் பன்றி உறுப்பாலோ ஆய்வக உறுப்பாலோ ஒருநாள் தீரலாம். உண்மையான முட்டுக்கட்டை மூளை. ரத்தக்குழாயும் தோலும் உடல் முழுக்கப் பரவியவை, அவற்றைப் பெட்டியில் வைத்து மாற்ற முடியாது. மூளையை மாற்றினால் பிழைப்பது வேறு ஆள்.

மூப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம்

இப்போது டீ கிளாஸுக்கும் ஜெல்லி மீனுக்கும் வருவோம். எல்லோரும் 30 வயது உடலோடு நின்றுவிட்டார்கள், ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற ஆபத்து மட்டும் மிச்சம்: லாரி, மின்சாரம், வெள்ளம், புதிய தொற்று, கொலை. சராசரி ஆயுள் 1000 ஆண்டு ஆகிவிடும், பிரமாதம். ஆனால் 693 ஆண்டுகளில் பாதிப் பேர் போயிருப்பார்கள். 10,000 ஆண்டு கழித்து ஒரு லட்சம் பேரில் நான்கைந்து பேர் மிஞ்சுவார்கள். இன்றைய உலக மக்கள் 800 கோடிப் பேரையும் இப்படி நிறுத்தி வைத்தால், சுமார் 23,000 ஆண்டுகளில் கடைசி ஆளும் போய்விடுவார். ஒருவருக்கும் வயதாகவில்லை!

ஆபத்து எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது மாறாமல் நின்றால் என்றைக்காவது பிடித்துவிடும். ஆனால் ஆபத்து குறைந்துகொண்டே போனால்? இங்கேதான் கணக்கு ஒரு எதிர்பாராத கதவைத் திறக்கிறது.

முதல் நூற்றாண்டில் மொத்த ஆபத்து 10 சதவீதம், அடுத்ததில் 5, அதற்கடுத்து இரண்டரை என்று பாதி பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கோடி நூற்றாண்டு கூட்டினாலும் கூட்டுத்தொகை 20ஐத் தாண்டாது. அதாவது இந்த நிலையில் 100 பேரில் 80 பேருக்கும் மேல் *ஒருபோதும்* சாகமாட்டார்கள். ஆனால் குறையும் வேகம் மந்தமாக இருந்தால், முதலில் 10, அப்புறம் அந்தப் பத்தில் பாதி, அப்புறம் பத்தில் மூன்றில் ஒன்று, பத்தில் நான்கில் ஒன்று என்று போனால், அதுவும் குறைவதுதான், ஆனாலும் கூட்டுத்தொகை எல்லையில்லாமல் வளரும், எல்லோரும் சாவார்கள். ஆக, "என்றென்றும்" என்பது கணக்குப்படி சாத்தியமற்றது இல்லை. ஆபத்து போதுமான வேகத்தில் சுருங்க வேண்டும், அதுவும் நிற்காமல். என்னைக் கேட்டால் இந்த விவாதம் முழுவதிலும் மிக முக்கியமான வாக்கியம் இதுதான், ஆனால் ஆயுள் வியாபாரம் செய்பவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை.

உடல் ஒன்றே ஒன்று இருக்கும்வரை ஆபத்தை அப்படிச் சுருக்க வழியில்லை. அதனால்தான் பேச்சு நகலுக்குப் போகிறது.

மூளையை நகலெடுப்பது

ஓராண்டில் அழிய ஆயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள நகல்கள் மூன்றை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்களில் வைத்தால், மூன்றும் ஒரே ஆண்டில் அழிய வாய்ப்பு 100 கோடியில் ஒன்று. அழிந்த நகலை உடனுக்குடன் நிரப்பிக்கொண்டு, நூற்றாண்டுக்கு ஒரு நகலைக் கூட்டினால் மேலே சொன்ன சுருங்கும் கணக்கு வேலை செய்யும். காகிதத்தில் அழகு.

நடைமுறை எங்கே நிற்கிறது? 2024இல் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளியானது: சுமார் 1,39,000 நியூரான், 5 கோடி இணைப்பு. அதே ஆண்டு மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கை மட்டும் வரைந்தார்கள், தரவு 1,400 டெராபைட். நம் தலையில் அப்படி 12, 13 லட்சம் துணுக்குகள், மொத்தம் 8,600 கோடி நியூரான். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையமும் 2024 இறுதியில் மனிதக் கருவின் மூளையை 5,000க்கு மேற்பட்ட சீவல்களாகப் படமெடுத்து வெளியிட்டது, ஆனால் அது செல் அளவிலான படம், இணைப்பு வரைபடம் அல்ல. இதெல்லாம் படம் மட்டும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. முன்பு சொன்ன சி. எலிகன்ஸ் புழுவுக்கு நியூரான் 302தான், வரைபடம் 1986லேயே வந்துவிட்டது, இன்றுவரை அந்தப் புழுவைக் கணினியில் முழுதாக உயிர்ப்பிக்க முடியவில்லை.

அப்படியே முடிந்தாலும் நகல் கண் விழிக்கும்போது மூலமும் அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம். இருவரில் நீங்கள் யார்? மூலத்துக்கு மாரடைப்பு வந்தால் "பரவாயில்லை, நகல் இருக்கிறது" என்பது அவருக்கு ஆறுதலாக இருக்குமா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இணை பிரபஞ்சத்திலும் இதே ஆள்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்.

பிரபஞ்சத்தின் கெடு

சூரியன் மெதுவாகப் பிரகாசமாகிக்கொண்டே வருகிறது, சுமார் 100 கோடி ஆண்டில் பூமியின் கடல்கள் ஆவியாகத் தொடங்கும், 500 கோடி ஆண்டில் சூரியனே ஊதிப் பெருக்கும். அதற்குள் வேறு நட்சத்திரத்துக்குப் போய்விட்டோம் என்றே இருக்கட்டும். நட்சத்திரங்களும் அணையும். உயிரோ கணினியோ எதுவாக இருந்தாலும் சிந்திக்க ஆற்றல் வேறுபாடு வேண்டும், சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு வெப்பம் ஓட வேண்டும். எல்லாம் ஒரே வெப்பத்தில் சமமாகிவிட்டால் எதுவும் நடக்காது. எண்ட்ரோபி கூடிக்கொண்டே போவது என்பது இதைத்தான்.

1979இல் ஃப்ரீமன் டைசன் என்ற இயற்பியலாளர் ஒரு தப்பும் வழி சொன்னார். பிரபஞ்சம் குளிரக் குளிர நாமும் மெதுவாகச் சிந்திப்போம், நடுவே நீண்ட நீண்ட தூக்கம் போடுவோம், இருக்கும் கொஞ்ச ஆற்றலை வைத்தே முடிவில்லாத எண்ணங்களை எண்ணிவிடலாம். மேலே சொன்ன சுருங்கும் கூட்டல் கணக்கின் அண்ணன்தான் இது. ஆனால் 1998இல் பிரபஞ்சம் விரிவது வேகமெடுக்கிறது என்று இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அப்படி வேகமெடுக்கும் பிரபஞ்சத்தில் ஒரு குறைந்தபட்ச வெப்பம் எப்போதும் மிஞ்சும், அதற்குக் கீழே குளிரவே முடியாது, டைசனின் தூக்க உத்தி அங்கே முட்டிக்கொள்கிறது. அந்த வேகத்துக்குக் காரணமான கரும் ஆற்றல் காலப்போக்கில் பலவீனமாகிறதோ என்ற ஐயத்தை அரிசோனாவில் பிரபஞ்ச விரிவை அளக்கும் டெசி கருவியின் 2024, 2025 முடிவுகள் கிளப்பியிருக்கின்றன. அது உறுதியானால் இந்த வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும்.

இணை பிரபஞ்சம் எனும் குறுக்குவழி

முதலில் படங்களில் வருவதை ஒதுக்கிவிடுவோம். இங்கே சாகும் நேரத்தில் கதவைத் திறந்து வேறு பிரபஞ்சத்துக்குப் போவது எந்தக் கொள்கையிலும் இல்லை. கொள்கை சொல்வது வேறு.

குவாண்டம் இயற்பியலில் ஒரு கதிரியக்க அணு ஒரு மணி நேரத்தில் சிதையுமா சிதையாதா என்று கேட்டால், கணிதம் இரண்டையும் ஒரே நேரத்தில் சுமந்துகொண்டு போகிறது. ஆனால் நாம் பார்ப்பது எப்போதும் ஒன்றைத்தான். பார்க்கும் கணத்தில் மற்றது மறைந்துவிடுகிறது என்பது பழைய விளக்கம். எதுவும் மறையவில்லை, பார்த்தவரும் சேர்ந்தே இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டார், ஒருவர் சிதைந்ததைப் பார்த்தார், மற்றவர் சிதையாததைப் பார்த்தார் என்று 1957இல் பிரின்ஸ்டனில் தன் முனைவர் பட்ட ஆய்வில் சொன்னவர் ஹியூ எவரெட். இதுதான் பல உலகக் கொள்கை. கிளைகள் பிரிந்தபின் ஒன்றோடொன்று பேசாது.

இதிலிருந்து சிலர் எடுக்கும் அடுத்த அடி: ஒவ்வொரு ஆபத்திலும் ஏதோ ஒரு கிளையில் நான் பிழைக்கிறேன், செத்த கிளையில் உணர நான் இல்லை, எனவே என் பார்வையில் நான் சாகவே மாட்டேன். குவாண்டம் அழியாமை என்று இதற்குப் பெயர். கேட்க வலுவாக இருக்கிறது, ஆனால் ஓட்டைகள் பல.

1. கிளைகளுக்கு எடை உண்டு, அதாவது எந்தக் கிளைக்கு எவ்வளவு வாய்ப்பு என்ற அளவு. கோடியில் ஒரு பங்கு எடையுள்ள கிளையில் ஒருவர் பிழைத்திருக்கிறார் என்பது, மீதி எல்லாக் கிளைகளிலும் அவர் இல்லை, அவர் வீட்டில் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்பதை மாற்றாது. லாட்டரி வாங்கிய எல்லோரும் ஜெயித்தவரை மட்டும் "நான்" என்று அழைத்துக்கொள்வது போல இது. இதை நம்பி உயிரைப் பணயம் வைப்பது முழு முட்டாள்தனம், கொள்கை உண்மையாகவே இருந்தாலும் கூட.

2. சாவு விளக்கை அணைப்பது போல ஒரே நொடியில் நடப்பதில்லை. நினைவு மங்கும், உறுப்பு ஒவ்வொன்றாகத் தளரும். இந்தக் கற்பனைச் சோதனையை 1990களில் பிரபலமாக்கிய மாக்ஸ் டெக்மார்க்கே இதை ஒப்புக்கொண்டவர். எந்தப் புள்ளியில் "உணர நான் இல்லை" என்று கோடு போடுவது?

3. இது உண்மையென்றால் நம் வாழ்வின் பெரும்பகுதி 500, 5000 வயதில்தான் இருக்க வேண்டும். எந்த ஒரு கணத்தில் "எனக்கு இப்போது என்ன வயது" என்று பார்த்தாலும் 34, 61 என்று சாதாரண எண் வருவதே இதற்கு எதிரான சான்று.

4. பிழைப்பது என்பது நலமாக இருப்பது இல்லை. 2001இல் தத்துவவாதி டேவிட் லூயிஸ் ஓர் உரையில் சொன்னது இதைத்தான்: அந்தக் கொள்கை சரியென்றால் நாம் மகிழக் கூடாது, நடுங்க வேண்டும், ஏனென்றால் சாகாமல் மட்டும் இருக்கும் கிளைகளில் மிகப் பெரும்பாலானவை கை கால் போய், பார்வை போய், யாரும் இல்லாமல் இழுத்துக்கொண்டு கிடக்கும் கிளைகள். இளமையைக் கேட்காமல் ஆயுளை மட்டும் கேட்ட வரம்.

எவரெட்டுக்கு இந்த விளைவில் நம்பிக்கை இருந்ததாக அவரோடு வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் சொன்னார். அவர் இயற்பியலை விட்டு பென்டகனுக்கு அணு ஆயுதக் கணக்குப் போடப் போய்விட்டவர், ஓயாமல் புகைப்பவர், குடிப்பவர். 1982 ஜூலையில் 51 வயதில் தன் வீட்டில் மாரடைப்பில் இறந்தார், அதாவது நாம் இருக்கும் இந்தக் கிளையில். வேறெங்காவது அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் புகைத்துக்கொண்டிருக்கிறாரா என்பதைச் சரிபார்க்க இங்கிருக்கும் யாருக்கும் எந்தக் கருவியும் கிடையாது, கொள்கையின்படி கிடைக்கவும் கிடைக்காது.